சாம்பிள் புரோகிராமும் ஊர்ப்பட்ட மலைப் பேர்க்காரர்களும்

கம்ப்யூட்டரில் எனக்கு முதன்முதலில் அறிமுகமானவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் வெளிநாட்டுக்காரர்கள். பனி கொட்டுகிற ஏதோ ஒரு ஊரில், ஒரே கடைக்கு வந்து சாமான் வாங்குகிறவர்கள். ஒருவர் வாசலில் விழுந்த பனியைத் தள்ளுவதற்கு மண்வெட்டி வாங்குவார். இன்னொருவர் அடுப்புக்கு விறகு வாங்குவார். ஒரு அம்மா வந்தால் கம்பளிக் கையுறைதான் வாங்குவார், அதுவும் ஜோடி ஜோடியாக. இவர்கள் எங்கும் நிஜமாக இருந்தவர்கள் இல்லை. கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தில், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்காக எழுதி வைத்த சாம்பிள் புரோகிராமுக்குள் இருந்தவர்கள். ஆனாலும் நானும் உங்கள் அம்மாவும் கொஞ்ச காலம் அவர்களோடுதான் குடித்தனம் நடத்தினோம்.

"டைப்பிஸ்டா இருந்த நீங்க எப்படிப்பா கம்ப்யூட்டருக்கு வந்தீங்க?" என்று நீங்கள் மூன்று பேரும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறீர்கள். அது பெரிய கதை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டே வந்தேன். உண்மையில் அவ்வளவு பெரிய கதை இல்லை. பத்தாவதும் டைப்ரைட்டிங் ஹையரும் படித்தவன் எழுதுகிற எழுத்து இது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது எண்பதுகளின் பிற்பாதி. நம் ஊர் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. கலெக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் வேலூருக்கு பஸ் ஏற வேண்டும். செங்கம் ரோட்டில் தர்மத்துக்கு நடத்தின ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரியில் நான் டைப்பிஸ்ட். தற்காலிக வேலை. ஆஸ்பத்திரியை நடத்தியவர் ஒரு டாக்டரம்மா. நரைத்த முடி, பருத்திப் புடவை, கையில் எப்போதும் ஒரு சின்ன டார்ச் லைட். யாரிடம் பேசினாலும் முதலில் அவர்கள் கண்ணைத்தான் பார்ப்பார். பேச்சைக் கேட்கிறாரா, கண்ணில் புரை இருக்கிறதா என்று பார்க்கிறாரா என்று நமக்குத் தெரியாது.

மார்கழி மாதத்தில் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. மலையடிவாரத்து ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் வரவழைத்தது. அவர் தன் நாட்டில் இந்த மாதிரி மெஷின்களில் வேலை பார்த்தவர். அங்கே உள்ள நண்பர்களிடம் சொல்லி, மெஷினையும், அதை இயக்குகிற ஆளுக்குச் சம்பளத்தையும் சேர்த்து ஏற்பாடு செய்திருந்தார். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். தை மாசம் கிராமத்துல முகாம் போடறோம். பங்குனில கண்ணாடி குடுக்கறோம். அன்னிக்கு யார் யாருக்கு எந்தக் கண்ணாடின்னு இந்த மெஷின் சீட்டு போட்டுக் குடுத்துதுனா, மெஷின் இங்கயே இருக்கும். நீங்களும் இருப்பீங்க. இல்லைனா ஆஸ்பத்திரி கமிட்டில இதைப் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிடுவாங்க. சம்பளமும் அதோட போயிடும். டைப்பிஸ்ட்னு தனியா ஒருத்தரை வச்சிக்க எங்கிட்ட வழி இல்ல."

அந்த வேலை எனக்குப் போகக் கூடாது. காரணம் இருந்தது. உங்கள் அம்மாவுக்கு அப்போது நாலாம் மாதம். பெரியவன் வயிற்றில். எனக்கு இங்கே வேலை போனால் பெங்களூர்தான். உங்கள் மாமா அங்கே ஒரு கம்பெனியில் கேட் காவல் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள். நான் அங்கே நாலு பேரோடு ஒரு ரூமில், அம்மா இங்கே அவங்க அம்மா வீட்டில், பிறக்கிற பிள்ளையை லீவு கிடைக்கும்போது வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. அம்மா வெளியில் காட்டிக்கொள்ள மாட்டாள். "பெங்களூர்ல குளுராம், ஒரு சொட்டரு வாங்கணும்" என்று மட்டும் ஒரு நாள் சொன்னாள்.

வெள்ளைக்காரர் வந்து மெஷினைப் பிரித்து வைத்தார். டி.வி. மாதிரி ஒரு பெட்டி, கீழே இரண்டு வாய் உள்ள ஒரு பெட்டி, கறகறவென்று சத்தம் போடுகிற பிரிண்டர், அப்புறம் ஸ்டெபிலைசர். இரண்டு நாள் விடாமல் இங்கிலீஷில் பேசினார். எனக்குப் பாதி புரிந்தது. போகும்போது ஒரு கனத்த புத்தகத்தை என் கையில் வைத்து, இதில் உள்ள சாம்பிள் புரோகிராம்களை முதலிலிருந்து வரிசையாகச் செய், ஒன்றையும் தாண்டாதே என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. அன்று பௌர்ணமி. ராத்திரி மலை சுற்றி வந்தவர், மறுநாள் காலையிலிருந்து ஒரு மண்டலத்துக்கு மௌன விரதம் எடுத்துக்கொண்டார். பேச்சு மட்டும் இல்லை, எழுத்தும் கிடையாது.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு நாள் பேசின மனுஷன் இன்னும் ரெண்டு நாள் பேசிட்டு சாமிகிட்ட போயிருக்கக் கூடாதா? மலை எங்க ஓடியா போயிடப் போவுது?"

மெஷினுக்கு ஒரு அறை ஒதுக்கினார்கள். ஜன்னலுக்குத் திரை போட்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்று வைத்தார்கள். பக்கத்து அறையில்தான் கண் பார்க்கும் கருவி இருந்தது. அதில் மோவாயை வைத்து நெற்றியைப் பட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதனால் கிராமத்திலிருந்து வந்தவர்கள் வழி தவறி என் அறைக்குள் நுழைந்தால், நான் வாய் திறப்பதற்குள் நாற்காலியில் உட்கார்ந்து, கீ போர்டு மேல் மோவாயை வைத்து, கண்ணை அகல விரித்துத் திரையைப் பார்ப்பார்கள். ஒரு பெரியவர் அப்படியே இருந்துகொண்டு, "எய்த்து நல்லாத் தெரியுது சார், ஆனா இன்னான்னுதான் புரியல" என்றார். எனக்கும் அதே நிலைமைதான் என்று அவரிடம் சொன்னேன்.

முதல் சாம்பிள் புரோகிராம் பத்து வரி கூட இருக்காது, ஒவ்வொரு வரியும் நூறு, நூற்றுப் பத்து என்று ஒரு எண்ணில் தொடங்கும். புத்தகத்தைப் பார்த்து டைப் அடிக்க வேண்டியதுதான். அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. திரையைப் பார்க்காமலே அடித்தேன். ஒவ்வொரு வரிக்கும் தப்பு, தப்பு என்று மெஷின் சொன்னது. எழுத்து எழுத்தாகப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தேன். எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஆசிரமத்துப் பக்கம் இருந்த டீக்கடைக்குப் போனேன். வெள்ளைக்காரர் அங்கேதான் பெஞ்சில் உட்கார்ந்து பால் குடிப்பார். "இந்த வரி சரிதானே?" என்று கேட்டேன். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். அதில்தான் கஷ்டம். அவர்கள் ஊரில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் 'இல்லை'. நம் ஊரில் ஆட்டினால் 'சரி'. இவர் நம் ஊருக்கு வந்து நாளாகி நம் ஆட்டலையும் கற்றுக்கொண்டிருந்தார். இது எந்த ஊர் ஆட்டல் என்று எனக்கு எப்படித் தெரியும்? "உங்க ஊர் தலையா, நம்ம ஊர் தலையா?" என்று தமிழிலேயே கேட்டேன். டீக்கடைக்காரர் சிரித்தார். வெள்ளைக்காரர் டம்ளரை வைத்துவிட்டு என்னோடு நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நான் முதல் வரியை அடிக்க ஆரம்பித்தேன். வலது கை மோதிர விரல் கீயில் இறங்கியதும் அந்த விரலை லபக்கென்று பிடித்துக்கொண்டார். இடது கை சுண்டு விரலைத் தூக்கி மேல் வரிசையில் முதல் கீ மேல் வைத்தார். அது ஒன்று என்ற எண்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் டைப் பழகின மெஷின்களில் ஒன்று என்ற எண்ணுக்குத் தனிக் கீயே கிடையாது. சின்ன எல் எழுத்தைத்தான் ஒன்றாக அடிப்போம். காகிதத்தில் இரண்டும் ஒரே கோடுதானே. இன்ஸ்டிடியூட்டில் பரீட்சை எழுதின ஒவ்வொருத்தனும் அப்படித்தான் அடித்தான், எல்லாருக்கும் முழு மார்க் போட்டார்கள். இந்த மெஷின் ஒருத்தன்தான் கோட்டுக்கும் கோட்டுக்கும் வித்தியாசம் பார்த்தான். அதற்கப்புறம் மூன்று நாள் அந்த மோதிர விரலில் ஒரு நூல் கட்டிக்கொண்டு அடித்தேன், ஞாபகத்துக்கு.

புரோகிராம் ஓடிவிட்டது. வரவேற்கிறேன் என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான் அதன் வேலை. நான் ஓடிப் போய் டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். "வாங்கன்னு சொல்லிடுச்சி. இனிமே உக்காருங்கன்னு சொல்லணும்" என்றார்.

இரண்டாவது, மூன்றாவது சாம்பிளில்தான் அந்த ஆறு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். ஒரு சாம்பிள் அவர்கள் பேரை அகர வரிசையில் அடுக்கும். ஒன்று, பேரைக் கொடுத்தால் அவர் என்ன வாங்கினார் என்று தேடி எடுக்கும். ஒன்று, பழைய வாடிக்கையாளர் மறுபடி வந்தால் அவர் கணக்கில் பழைய சாமான் இருந்த இடத்தில் புதியதை எழுதும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா, கீரை ஆய்ந்துகொண்டே விசாரிப்பாள்.

"அந்தக் கையுறையம்மா இன்னிக்கு இன்னா வாங்குச்சி?"

"நாலு ஜோடி."

"அத்தினி கையா அதுக்கு?"

"வீட்ல பிள்ளைங்க இருக்கும்."

"அதான் சொன்னேன். பிள்ளைக்குட்டிக்காரி. பாவம், விறகு வாங்கறவரு மட்டும் தனிக்கட்டை. ஒரு நாளாவது காய்கறி வாங்கினாரா பாருங்க."

அவள் எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். எனக்குச் சாப்பாட்டுக் கேரியர் எடுத்துக்கொண்டு மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வரும்போது, நான் சாப்பிடுகிற நேரத்தில் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பாள். ஆறாவது சாம்பிளைப் பார்த்துவிட்டு அவள்தான் சிரித்தாள். அது அந்த ஆறு பேருக்கும் ஆளுக்கு ஒரு நம்பர் கொடுக்கிற புரோகிராம்.

"இருக்கறது ஆறே பேரு. பேரைச் சொன்னா ஓடி வந்துடப் போறாங்க. இவங்களுக்கு எதுக்குங்க நம்பர்? ஜெயில்லயா இருக்காங்க?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தை முகாம் முடிந்து, நோயாளிகளின் அட்டைகள் கட்டுக் கட்டாக வந்து இறங்கியிருந்தன. நாள் ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவதைத் தாண்டிவிட்டோம்.

பழைய கணக்கில் புதியதை எழுதுகிற அந்த ஐந்தாவது சாம்பிளையே எடுத்து நம் வேலைக்கு மாற்றினேன். வாடிக்கையாளர் பேர் இருந்த இடத்தில் நோயாளி பேர். மண்வெட்டி, விறகு இருந்த இடத்தில் வலது கண் பவர், இடது கண் பவர். கூடவே ஊர், வயது, அப்பா பேர். கடைசியில் அந்த ஆறு பேரையும் அழிக்க வேண்டி வந்தது. அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு மனசே ஆகவில்லை. "ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டுமே" என்றாள். பங்குனியில் அவர்களுக்கும் சேர்த்துக் கண்ணாடிச் சீட்டு வந்துவிடும் என்று சொன்ன பிறகுதான் விட்டாள்.

அட்டையைப் பார்ப்பதும் டைப் அடிப்பதும் ஒருவனே செய்தால் நேரம் பிடித்தது. அதனால் அம்மா மத்தியானம் தங்கி அட்டையை வாசிக்க, நான் அடித்தேன். டாக்டரம்மாவே அதற்குச் சம்மதம் சொல்லி, கால் நீட்டிக்கொள்ள ஒரு ஸ்டூலும் போடச் சொன்னார். ஒரே ஒரு சங்கடம். என் பேர் உங்களுக்குத் தெரியும். நம் மலையின் பேர், அந்த மலையே சாமியாக நிற்கிற சாமியின் பேர். இந்தச் சீமையில் பிறந்த ஆண் பிள்ளைகளில் முக்கால்வாசிக்கு அதுதான் பேர். உங்கள் அம்மா புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டாள். இன்று வரை சொன்னதில்லை. அதனால் அவள் வாசிப்பு இப்படித்தான் இருக்கும்:

"உங்க பேரு. வயசு அறுபத்தி ரெண்டு. அடுத்தது, முனுசாமியோ கினுசாமியோ, முகாம் டாக்டரு கிறுக்கியிருக்காரு. அடுத்தது உங்க பேரு. அடுத்தது... உங்க பேரு. ஏங்க, எல்லாரும் சொல்லி வச்சிகினு வந்தாங்களா?"

அவள் 'உங்க பேரு' என்று சொல்லி நான் அடித்ததும் மெஷின் 'பீப்' என்று ஒரு மணி அடிக்கும். 'பதிவு புதுப்பிக்கப்பட்டது' என்று இங்கிலீஷில் ஒரு வரி வரும். மற்ற பேர்களுக்கு அப்படி எப்போதாவதுதான் அடிக்கும். என் பேருக்கு மட்டும் விடாமல் அடிக்கும். புதுப்பிக்கப்பட்டது என்றால் நல்ல சேதிதானே, வேலை சரியாக நடக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அம்மாவுக்கு அதில் ஒரே பெருமை. "பாத்தீங்களா, உங்க பேருன்னா மட்டும் அதுக்கு ஒரு குஷி. சல்யூட் அடிக்குது."

"என் மெஷின் ஆச்சே."

"ஆமா, வீட்ல பொண்டாட்டி அடிக்காத சல்யூட்டை இதாவது அடிக்குதே."

இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் வாசித்தோம், அடித்தோம். வெள்ளைக்காரரின் மண்டலம் முடிந்தது. சந்தேகங்களை எல்லாம் வரிசையாக மனசில் வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனால், அவர் இன்னொரு மண்டலத்துக்கு விரதத்தை நீட்டிவிட்டிருந்தார்.

பங்குனியில் கண்ணாடிகள் வந்து சேர்ந்தன. கண்ணாடி கொடுக்கிற முகாமுக்கு இரண்டு வாரம் முன்னால், வெள்ளோட்டமாக ஒரே ஒரு கிராமத்து ஆட்களை மட்டும் வரச் சொல்லி, மெஷின் சீட்டை வைத்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. கலசப்பாக்கம் பக்கத்துக் கிராமம், நாங்கள் கடைசியாக ஏற்றின அட்டைகள் அவர்களுடையவைதான். டிராக்டரில் வந்து இறங்கிக் கூடம் நிறைய உட்கார்ந்தார்கள். பிரிண்டர் சீட்டுகளைத் துப்பியது. துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு நான் கூடத்துக்கு வந்தேன். டாக்டரம்மா என் பக்கத்தில் நின்றார். வெள்ளைக்காரரும் வந்து ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

நாலைந்து சீட்டு நன்றாகப் போனது. அடுத்த சீட்டில் என் பேர். சத்தமாகக் கூப்பிட்டேன்.

ஆண்கள் பக்கத்தில் ஒரு வரிசையே எழுந்து நின்றது. பின்னால் தூணில் சாய்ந்திருந்தவர்களும் எழுந்தார்கள். கழிப்பறைக்குப் போயிருந்த ஒருவர், "யாரு கூப்ட்டது?" என்று வேட்டியைக் கட்டிக்கொண்டே ஓடி வந்தார்.

முன்னால் இருந்தவர் என் கையிலிருந்த சீட்டை வாங்கிக்கொண்டு போய்க் கண்ணாடியையும் வாங்கிப் போட்டுக்கொண்டார். இரண்டு எட்டு வைத்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "யம்மாடி! தரை கெணறு மாரி உள்ள போவுதும்மா!"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சீட்டைப் பார்த்தார். "உங்க அப்பா பேரு என்ன?" அவர் சொன்னது ஒன்று, சீட்டில் இருந்தது வேறு. சீட்டில் இருந்த அப்பாவின் மகன் மூன்றாவதாக நின்றார். அவருக்குக் கண்ணாடி சரியாக இருந்தது. மற்றவர்கள் அப்படியே நின்றார்கள். "எங்க சீட்டு எங்க சார்?"

நான் கையிலிருந்த சீட்டுகளைப் புரட்டினேன். அந்தப் பேரில் வேறு சீட்டே இல்லை.

நின்றுகொண்டிருந்தவர்களுக்குள் பேச்சு வளர்ந்தது. "இவனுக்குக் கண்ணாடி வேணாம் சார். டிராக்டர் வருதுன்னு சும்மா ஏறிகினு வந்துட்டான்."

"யாரு? நானா? எம்மாட்டை உம்மாடுன்னு நெனைச்சி ஓட்டிகினு போனவன் நீ. உனுக்குத்தாண்டா மொதல்ல கண்ணாடி."

"அது பொழுது போன நேரம் சார். கேளுங்க, மாடும் பேசாம எம்பின்னால வந்துச்சி. மாட்டுக்கும் சேத்து ஒண்ணு போடுங்க."

கூடமே சிரித்தது. டாக்டரம்மாவும் சிரித்தார். எனக்குக் காது அடைத்துவிட்டது. அந்த மணிச் சத்தம்தான் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கடைக்கு இருந்த ஆறு வாடிக்கையாளர்களில் இரண்டு பேருக்கு ஒரே பேர் கிடையாது. அதனால் அந்த சாம்பிள் புரோகிராமுக்கு, தெரிந்த பேர் மறுபடி வந்தால், பழைய ஆளே திரும்ப வந்திருக்கிறார் என்றுதான் அர்த்தம். மணி அடித்துச் சொல்லிவிட்டு, பழைய விவரத்தின் மேலேயே புதியதை எழுதிவிடும். நாங்கள் ஏற்றின அத்தனை மலைப் பேர்க்காரர்களும் ஒருத்தர் மேல் ஒருத்தராக ஏறி, கடைசியில் ஏறினவர் மட்டும் மிஞ்சியிருந்தார். அம்மன் பேர் வைத்த பெண்கள் சிலருக்கும் அதே கதி. சல்யூட் என்று நினைத்துக்கொண்டு ஒரு மாதம் சிரித்திருக்கிறோம்.

ஆட்கள் டிராக்டரில் போன பிறகு டாக்டரம்மா அறைக்கு வந்தார். குரலில் கோபம் இல்லை. "விடுங்க தம்பி. முகாம் நாளுக்குக் கையால எழுதிக்கலாம், நர்ஸுங்க இருக்காங்க. கமிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

கமிட்டிக்குச் சொல்லப்போகிற பதில் என்ன என்று எனக்குத் தெரியும். அந்தப் பதிலுக்கு அப்புறம் நான் ஏற வேண்டிய பஸ் எது என்றும் தெரியும். வாசலில் நிழல் தெரிந்தது. வெள்ளைக்காரர். வெளியே பெஞ்சில் தோள் குலுங்கக் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்த மனுஷன், இப்போது சிரிக்கவில்லை. உள்ளே வந்து புத்தகத்தை எடுத்து, நாங்கள் தாண்டிப் போன ஆறாவது சாம்பிளைப் பிரித்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்து என்னைப் பார்த்தார்.

டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்துத் தமிழில் சொன்னார். "அபூர்வமா சில சமயம், ரெண்டு வாடிக்கையாளர்களுக்கு ஒரே பேர் இருக்கக்கூடும். அதனால ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர் குடுக்கறது நல்லது." நிறுத்தினார். "அபூர்வமாவாம்! இதை எழுதினவன் நம்ம ஊருக்கு வந்ததில்ல போல."

"அம்மா, முகாம் நாள் வரைக்கும் டைம் குடுங்க" என்றேன்.

"மறுபடி எல்லா அட்டையையுமா?"

"எல்லா அட்டையையும்."

அவர் என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார். "தெனமும் காலைல சீக்கிரம் வந்துடுங்க. கரண்ட் போறதுக்கு முன்ன முடிக்கப் பாருங்க."

மறுநாளிலிருந்து அம்மா காலையிலேயே என்னோடு வந்துவிட்டாள். நடந்ததைச் சொன்னபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு முதலில் சிரித்தாள். அப்புறம்தான், "ஜெயில்லயா இருக்காங்கன்னு நாந்தான கேட்டேன்" என்றாள். நானும்தான் தலை ஆட்டினேன் என்று சொன்னேன். ஆறாவது சாம்பிளை அடித்து, ஓடுகிறதா என்று பார்த்து, அதை நம் புரோகிராமோடு சேர்த்தேன். முகாம் அட்டைகளில் ஏற்கெனவே நம்பர் இருந்தது. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தார்கள், அது உதவாது. அம்மா சிவப்புப் பென்சிலால் அட்டைக்கு அட்டை புது நம்பர் போட்டு வாசித்தாள். ஸ்டூலில் கால் நீட்டியிருப்பாள். கால் வீங்கியிருந்தது. நர்ஸ் ஒருவர் நடுநடுவே மோர் கொண்டு வந்து கொடுப்பார். வெள்ளைக்காரர் மூலையில் உட்கார்ந்து பிரிண்டர் காகிதத்தை மடித்து அடுக்கினார். மூன்று பேர் இருந்த அறையில் ஒரே குரல் அம்மாவுடையது.

"உங்க பேரு." நான் அடித்தேன். மணி அடிக்கவில்லை. "உங்க பேரு." அடிக்கவில்லை. அவள் நிமிர்ந்து மெஷினைப் பார்த்தாள்.

"இன்னாங்க, இப்ப மரியாதையே இல்லையே?"

"மரியாதை இல்லாம இருந்தாத்தான் நமக்கு நல்லது. வாசி."

ஒரு தடவை மணி அடித்தது. எனக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால் அம்மா ஒரே நம்பரை இரண்டு அட்டைக்குப் போட்டிருந்தாள். வெள்ளைக்காரர் மூலையிலிருந்து இரண்டு விரலைக் காட்டினார். "தெரியுது சாமி, தெரியுது" என்று சொல்லி அம்மா நம்பரைத் திருத்தினாள்.

முகாம் நாள் அன்று மூன்று டிராக்டர், ஒரு லாரி, அப்புறம் பஸ்ஸில் வந்தவர்கள். நான் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேர், அப்பா பேர், ஊர் மூன்றையும் சேர்த்துக் கூப்பிட்டேன். என் பேரைச் சொன்னதும் ஒரு கூட்டம் எழும். அப்பா பேரைச் சொன்னதும் அதில் பாதி உட்காரும். ஊரைச் சொன்னதும் ஒரே ஒருவர் நிற்பார். அவருக்கு அவருடைய கண்ணாடி. சீட்டு இல்லை என்று அன்று யாரும் நிற்கவில்லை. மாட்டை மாற்றி ஓட்டிக்கொண்டு போனவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்து, "நீதானா சார் அது? குரலைக் கேட்டுப் பெரிய ஆளுன்னு நெனைச்சேன்" என்றார்.

சாயங்காலம் கூடத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். ஒரு நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவு களைப்பாக அவரை நான் பார்த்ததில்லை.

"கமிட்டித் தலைவருக்கு போன் போட்டுட்டேன். மெஷின் எங்கயும் போவலை. நீங்களும்தான். சித்திரைலேருந்து நிரந்தரம்."

நான் கும்பிட்டேன். "காப்பி வாங்கிகினு வரட்டுமாம்மா?" என்றேன்.

"வேணாம். வீட்டுக்குப் போங்க. அந்தப் பொண்ணு காத்துகினு இருக்கும்."

சைக்கிளை மிதித்தது ஞாபகம் இல்லை. வீட்டுக்குள் போனபோது பெங்களூருக்கு என்று அம்மா கட்டி வைத்திருந்த டிரங்குப் பெட்டி கதவோரம் நின்றது. அவள் அதை எப்போது கட்டினாள் என்றே எனக்குத் தெரியாது. என் சட்டை, வேட்டி, ஒரு தட்டு, ஒரு டம்ளர், மேலே பழுப்பு நிறத்தில் ஒரு ஸ்வெட்டர்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள். எழுந்திருக்கவில்லை.

"இங்கயே இருக்கச் சொல்லிட்டாங்க. நிரந்தரம்."

அவள் பெட்டியை இழுத்துத் தன் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். இழுத்து வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்து, மடிப்பைப் பிரித்து, மறுபடி கொடியில் போட என்னிடம் நீட்டினாள். தட்டையும் டம்ளரையும் அடுப்படிக்குத் தள்ளினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

"சொட்டரைத் திருப்பிக் குடுத்துடலாமா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? கார்த்திகையில மலை சுத்தறப்ப குளுரும். போட்டுக்கங்க."

வைகாசியில், நல்ல வெயிலில், பெரியவன் பிறந்தான். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து வலி எடுத்துவிட்டது என்று சொன்னபோது நான் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். லீவுச் சீட்டு எழுதவில்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. செருப்பைக் கூட மாட்டாமல் சைக்கிளை எடுத்தேன். அவனைத் துணியில் சுற்றி வெளியே கொண்டு வந்த ஆயா, "யாருப்பா தகப்பன்?" என்று கேட்டபோது நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.